காட்டுக்குள் போன தெய்வங்கள்

'அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி' என்பது நம்மவர் வழக்கு. அரசன் நெறியோடு நடந்தால் குடிகளும் நெறியோடு நடப்பர் என்ற நல்ல பொருளிலேயே நாம் அதைச் சொல்லி வருகின்றோம். ஐரோப்பியரும் இதையொத்த ஒரு விதியை வைத்திருந்தனர். 1555ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கச் சிற்றரசரும் லூத்தரன் சிற்றரசரும் செய்துகொண்ட உடன்படிக்கை, எவனுடைய நாடோ அவனுடைய மதமே அந்நாட்டின் மதம் என்று வகுத்தது. ஆனால் அங்கே பொருள் வேறு. அரசன் மதம் மாறினால் குடியும் மாறவேண்டும். மாற மனமில்லாதவன் மூட்டை முடிச்சுடன் நாட்டை விட்டுப் போகலாம்.

நேயர்களே, மாறவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டவனின் கதி என்ன? இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் அதுதான். மதத்தின் பெயரால் தீயில் எரிக்கப்பட்டவர்களையும் வாளுக்கு இரையானவர்களையும் வரலாறு பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறது. எரிக்கப்படாமலும் ஏற்கப்படாமலும், சட்டத்தின் கதவுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியவர்களைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. அவர்களுடைய கலியாணம் கலியாணந்தானா, அவர்கள் பிள்ளைகள் முறையான பிள்ளைகள்தானா, அவர்களுடைய காணி யாருக்குச் சேரும் என்ற கேள்விகளுக்குள்ளே ஒரு பெரிய வரலாறு புதைந்து கிடக்கிறது.

முதலில் பிரான்ஸ் தேசத்தைப் பார்ப்போம். அது கத்தோலிக்க நாடு. அங்கே கல்வினின் கொள்கையைத் தழுவிய புரட்டஸ்தாந்தியர் சிறுபான்மையினர். ஹியூகனொட்டுகள் என்று அழைக்கப்பட்டனர். நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பின் 1598இல் நான்காம் ஹென்றி மன்னன் நான்ட்ஸ் நகரில் பிறப்பித்த கட்டளை அவர்களுக்குச் சில இடங்களில் வழிபடவும் பதவி வகிக்கவும் உரிமை கொடுத்தது. அவனுடைய பேரன் பதினான்காம் லூயி 1685இல் அதனை ரத்துச் செய்தான். கோவில்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டனர். ஆனால் சாதாரணக் குடிமக்கள் வெளியேறுவதும் குற்றமாக்கப்பட்டது. போகவும் வழியில்லை, இருக்கவும் உரிமையில்லை.

அந்நாட்டில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகள் கத்தோலிக்கப் பங்குக் குருவின் கையில் இருந்தன. ஆகவே அவர் முன்னிலையில் நடவாத விவாகம் சட்டத்தின் கண்ணில் விவாகமே அல்ல. மலைச்சாரலிலும் வெட்டவெளியிலும் இரகசியமாகக் கூடி, தம்முடைய போதகர் முன் மணம் முடித்தவர்கள் சட்டப்படி மணமாகாதவர்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள். ஒரு பங்காளி வழக்குப் போட்டால் தகப்பன் சொத்து கைவிட்டுப் போகும். 1762இல் துலூஸ் நகரத்துப் புரட்டஸ்தாந்து வியாபாரி ஜீன் கலாஸ், கத்தோலிக்க மதத்தில் சேரவிருந்த தன் மகனைக் கொன்றான் என்ற பொய்க் குற்றச்சாட்டில் சக்கரத்தில் வைத்து முறித்துக் கொல்லப்பட்டதும், வோல்டயர் எழுதி எழுதி அந்தத் தீர்ப்பை 1765இல் தள்ளுபடி செய்வித்ததும் உலகறிந்த கதை. எனினும் பெயரில்லாத அந்த ஆயிரக்கணக்கான தம்பதிகளுக்கு விடிவு வந்தது 1787ஆம் ஆண்டிலேதான். அவ்வாண்டு பதினாறாம் லூயி பிறப்பித்த கட்டளை, கத்தோலிக்கர் அல்லாதார் தம் பிறப்பையும் விவாகத்தையும் மரணத்தையும் பதிந்துகொள்ள அனுமதித்தது. பகிரங்க வழிபாட்டுக்கு அப்போதும் இடமில்லை. புருஷன் பெண்சாதி என்று சட்டம் ஒப்புக்கொள்ள 102 ஆண்டுகள் சென்றன.

பிரான்ஸில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், நமது நாட்டின் கரையோரங்களில் இதே நாடகம் வேடம் மாறி நடந்தது. அங்கே கத்தோலிக்கர் ஆள, புரட்டஸ்தாந்தியர் ஒளிந்தனர். இங்கே புரட்டஸ்தாந்தியரான ஒல்லாந்தர் ஆள, கத்தோலிக்கர் ஒளிந்தனர். அவர்களுக்கு முன்னர் கத்தோலிக்கரான போர்த்துக்கேயர் ஆள, சைவர் ஒளிந்தனர். அதற்கும் முன்னே நம்மவர் ஆண்ட காலத்தைத் தூயது என்று சொல்லிவிடவும் முடியாது. 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி, மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய எளிய மக்களை வாளுக்கு இரையாக்கினான். சுமார் 600 பேர் மாண்டனர் என்பர். அரசனுடைய கோணத்தில் அவர்கள் மதம் மாறியவர்கள் மட்டுமல்லர். வேறோர் அரசனின் பக்கம் சாய்ந்தவர்கள். மதத்தையும் இராச விசுவாசத்தையும் ஒன்றாகப் பார்க்கும் இந்தக் கண் எல்லா அரசுகளுக்கும் பொதுவாக இருந்தது.

எங்கள் பகுதிக்கு வருகின்றேன். திருகோணமலைக் கோட்டை நிற்கும் குன்றிலேதான் பழைய கோணேசர் கோவில் இருந்தது. 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் நாளில், அந்தக் கோவில் தகர்க்கப்பட்டு அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுந்தது. பாண்டியரின் இணைக்கயல் சின்னம் பொறித்த கல் இன்றும் அக்கோட்டை வாசலிலே இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி நகர்வலம் சென்றிருந்த வேளையில் பறங்கியர் வேடம் மாற்றிக் கோவிலுக்குள் புகுந்தனர் என்பது செவிவழி வரலாறு.

தம்பலகாமத்திலே பிறந்த எவருக்கும் இதன் அடுத்த பகுதி பாட்டிமார் வாயிலாகவே வந்து சேரும். எனக்கும் அப்படித்தான். "சாமி கொஞ்சக் காலம் காட்டுக்குள்ள இருந்தார் மகன், பிறகுதான் நம்மட ஊருக்கு வந்தார்" என்பார் என் அம்மம்மா, வயலுக்குப் போய்வந்த உறவினரைப் பற்றிச் சொல்லும் அதே குரலில். அடியார் சிலர் திருவுருவங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, மலைக்காட்டில் மறைத்து வைத்துப் பூசித்து, காலம் சற்று அமைதியான பின்னர் திருகோணமலைக்கு ஏறத்தாழ 15 மைல் தொலைவிலுள்ள தம்பலகாமத்துக்குக் கொண்டுவந்து, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே கோவில் எடுத்தனர் என்பது எங்கள் ஊர் மரபு. அதுவே ஆதி கோணநாயகர் கோவில். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆதரவு அதற்கு இருந்ததாகவும் அம்மரபு கூறும். எல்லா உருவங்களும் காட்டுக்குப் போய்விடவில்லை. சில அவசரத்தில் மண்ணுக்குள் மறைக்கப்பட்டன. 1950இல் திருகோணமலை நகரில் கிணறு வெட்டியபோது அவற்றுட் சில வெளிப்பட்டு, 1963இல் கும்பாபிஷேகம் கண்ட இன்றைய கோணேசர் கோவிலில் எழுந்தருளின.

இப்போது மன்னார்ப் பக்கம் திரும்புவோம். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாக மாற்றப்பட்டன. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது, தாம் வணங்கிய மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போயின என்பது அங்குள்ள மரபு. அந்தக் காட்டிடமே மருதமடு. கோணநாதரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைத் துரத்தியவர்கள் மாதாவின் பிள்ளைகள். அரை நூற்றாண்டு கழியுமுன் மாதாவைத் தூக்கிக்கொண்டு அவளுடைய பிள்ளைகளே ஓடினர். இரு சாராருக்கும் அடைக்கலம் கொடுத்தது காடு. இவ்விரு மரபுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர் குறைவு. சைவர் தம் கதையைச் சைவர்க்குச் சொன்னார்கள். கத்தோலிக்கர் தம் கதையைக் கத்தோலிக்கர்க்குச் சொன்னார்கள்.

ஒல்லாந்தருடைய சட்டங்களை நோக்குவோம். அவற்றைப் 'பிளக்காத்து' என்பர். 1658 செப்டெம்பரில் வெளிவந்த பிளக்காத்து, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்றது. 1715இல் வந்த மற்றொன்று கத்தோலிக்கர் கூடி வழிபடுவதைத் தடுத்தது. கேட்கப் பயங்கரமாகவே இருக்கிறது. ஆனால் அன்றாட வாழ்வை இறுக்கிப் பிடித்தது தூக்குமரம் அன்று, பள்ளிக்கூடம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடமும் கோவிலும் ஒரே கட்டடமாக அமைந்தன. உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பிலே பதிந்தார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையின் முறைப்படி அறிவித்தல் செய்து, தோம்பில் ஏறிய விவாகமே விவாகம். அதில் ஏறாதவன் முதலியார் பதவியை நினைத்தும் பார்க்க முடியாது; அவன் பிள்ளைகள் தந்தைவழி முதுசத்துக்கு உரிமை கோரும்போது வழக்கு முளைக்கும். பிரான்சில் பங்குக் குருவின் புத்தகம் செய்த வேலையை இங்கே உபாத்தியாயரின் தோம்பு செய்தது.

ஒல்லாந்தர் யார் என்பதையும் மறக்கக்கூடாது. கத்தோலிக்க ஸ்பானிய மன்னனின் கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து நாடு அமைத்தவர்கள் அவர்கள். 1579இல் அவர்களுடைய மாகாணங்கள் ஊத்ரெக்ட் நகரில் செய்துகொண்ட ஒப்பந்தம், மதத்துக்காக எவரையும் விசாரிக்கலாகாது என்று கூறியது. பிரான்சிலிருந்து ஓடிவந்த ஹியூகனொட்டுகளுக்கு அவர்கள் கதவைத் திறந்தார்கள். அம்ஸ்ரடாமிலே வீட்டு மாடியில் ஒதுக்குப்புறமாகப் பூசை செய்த கத்தோலிக்கரைக் கண்டும் காணாமல் விட்டார்கள். அதே நாட்டின் வணிகக் கம்பனி இங்கே வேறு முகம் காட்டியதன் காரணம் பயம். கத்தோலிக்கன் ஒவ்வொருவனும் போர்த்துக்கேயன் திரும்பி வருவதற்கு வழி பார்த்திருப்பவன் என்று அவர்கள் எண்ணினார்கள். சங்கிலி கொண்ட அதே பயம்.

இந்த நிலையிலேதான் 1687இல் யோசேப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் கரையிறங்கினார். கோவாவைச் சேர்ந்த கொங்கணிப் பிராமண குலத்தவர். வெள்ளைக்காரக் குருவானால் காட்டிக்கொடுக்கப்படுவார். கறுத்த மேனியில் கூலியாளின் கந்தை உடுத்து வந்தவரை யார் கண்டுபிடிப்பார்? பகலிலே பிச்சை, இரவிலே பூசை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் கூடியிருந்த கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தனர். அடிகள் தப்பினார், அடியார்கள் சவுக்கடி பட்டனர். பின்னர் அவர் கண்டி இராச்சியத்துக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தில் அங்கேயும் சிறைப்பட்டார். பின்னர் உண்மை விளங்கி, பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் பாதுகாப்பு அளித்தான். கிறிஸ்தவ ஆட்சியில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவக் குரு பௌத்த ஆட்சியில் வெளிப்படையாக நடமாடினார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். ஆனால் அந்தப் பாதுகாப்பும் அரசனின் மனத்தைப் பொறுத்ததே. 1740களில் ஸ்ரீவிஜய ராஜசிங்கன் காலத்தில் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சட்டத்தில் எழுதப்படாத தயவுக்கு ஆயுள் குறைவு.

இலக்கிய அன்பர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இந்தத் தடைக்காலந்தான் ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழின் வளமான காலங்களில் ஒன்று. 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல செய்தார். தேவ அருள்வேத புராணமும் வியாகுலப் பிரசங்கமும் அவர் தந்தவை. குரு எப்போது வருவார் என்று தெரியாத ஊரில் புத்தகமே குரு. தவக்காலத்தில் ஒருவர் வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டுக் கண்ணீர் விட்டால் அதுவே வழிபாடு. அதைப் பிடிக்கப் பிளக்காத்துக்குக் கை நீளாது. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. கொழும்புத் தமிழரான பிலிப்பு தெ மெல்லோ போதகர் கத்தோலிக்கத்தை மறுத்துச் 'சத்தியத்தின் செயம்' எழுதினார். சண்டை மதத்தைப் பற்றியது. ஆனால் இரு தரப்பாரும் போரிட்டது நல்ல தமிழ் வசனத்தில். நாவலர் பெருமானின் கண்டன உரைநடைக்கு முன்னே இப்படியொரு தமிழ் இந்நாட்டில் ஓடியிருக்கிறது.

சைவர் நிலை என்ன? பதவியும் காணியும் வேண்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக இருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை மீள எடுப்பித்தவர் ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக உத்தியோகம் பார்த்த இரகுநாத மாப்பாண முதலியார். அவருடைய பெயரின் முன்னே 'தொன் யுவான்' என்று நிற்கிறது. இதைப் பொய்மை என்று பழிப்பது எளிது. வாழ வழியில்லாதபோது மனிதன் பெயரைக் கொடுத்துத் தெய்வத்தைக் காத்துக்கொண்டான் என்றே நான் கருதுகின்றேன். எங்கள் தம்பலகாமத்தைப் பொறுத்தவரை, நான்கு பற்றுகளாகப் பிரிந்திருந்த திருகோணமலைப் பிரதேசத்தில் அது ஒரு பற்று. வன்னிபத்தின் கீழ் இருந்தது. கண்டி எல்லைக்கு அண்மையது. கம்பனிக்கு அங்கிருந்து வேண்டியது நெல்லே. 1786இல் திருகோணமலை ஒல்லாந்த அதிகாரி வான் செண்டன் இப்பகுதிகளைச் சுற்றிப் பார்த்ததும் வேளாண்மையைப் பெருக்கும் நோக்கத்தோடுதான். வயல் விளையும்வரை கோவிலைக் கிளறவேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என எண்ண இடமுண்டு.

அந்தத் துறைமுகம் எத்தனை கொடிகளைக் கண்டது! போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், 1782இல் ஆங்கிலேயர், அதே ஆண்டில் பிரெஞ்சுக்காரர், மறுபடி ஒல்லாந்தர். கடைசியாக 1795 ஆகஸ்ட் 26ஆம் திகதி திருகோணமலைக் கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. இந்தத் திகதியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1799 செப்டெம்பரில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார். ஆனால் அனுமதி பெறாமல் புதிய வழிபாட்டிடம் அமைக்கலாகாது என்ற ஒரு கொக்கியும் அதில் இருந்தது. 1806 மே 27ஆம் திகதி தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் பிறப்பித்த பிரமாணந்தான் கத்தோலிக்கரின் விலங்கை உடைத்தது. அவர்கள் எங்கும் தடையின்றி வழிபடலாம், எப்பதவியும் வகிக்கலாம். மூன்றாவது விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1795 ஆகஸ்ட் 26க்குப் பின்னர் கத்தோலிக்க முறைப்படி நடந்த விவாகங்கள் யாவும், ஒல்லாந்தர் வகுத்த முறை கைக்கொள்ளப்படாவிடினும், சட்டப்படி செல்லும் என்றது அது. திருகோணமலைக் கோட்டையில் கொடி மாறிய நாளே இந்நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளுக்குச் சட்டத்தின் வாசற்படி ஆயிற்று. அந்நாளுக்கு முன்னர் ஒளித்து மணம் முடித்தவர்களைப் பற்றி அவ்விதி ஒன்றும் சொல்லவில்லை. பிரித்தானியாவில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர 1829வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியேற்ற நாடு தாய்நாட்டை 23 ஆண்டுகள் முந்திக்கொண்டது. அதே 1806இல், ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையும் யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்குச் சட்டமாக உறுதிசெய்யப்பட்டது.

அதே ஆண்டு யாழ்ப்பாணம் வந்த கிளோடியஸ் புக்கனன் என்னும் ஸ்கொத்லாந்துப் போதகர், ஒல்லாந்தர் கட்டிய பெருங்கோவில்கள் ஆளின்றிக் கிடப்பதையும், கத்தோலிக்கக் குருமார் எங்கும் பரந்திருப்பதையும் கண்டு வருந்தி எழுதினார். தோம்பில் ஆயிரம் ஆயிரமாய் இருந்த பெயர்கள் எங்கே போயின? சட்டம் வற்புறுத்தியதால் வந்தவர்கள் சட்டம் போனதும் போனார்கள். சட்டம் தடுத்தும் நின்றவர்கள் நின்றார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒன்பதாம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. பத்தாம் உறுப்புரையில் எல்லாருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் இடம் எத்தகையது என்ற கேள்வி 2003இல் எழுந்தது. கல்வித் தொண்டு செய்யும் மென்சிங்கன் கத்தோலிக்க அருட்சகோதரிகள் தம் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அது மதச் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் மீறுவதாகக் கருத்துரைத்தது. 2008 ஒக்டோபரில் வந்த அமைச்சுச் சுற்றறிக்கை, புதிய வழிபாட்டிடம் கட்ட முன் அனுமதி வேண்டும் என்றது. நோர்த் தேசாதிபதியின் பழைய கொக்கி இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைகாட்டியது. அதே 2008இல், போர் நெருங்கியபோது மடுமாதாவின் திருவுருவம் காட்டுக்கோவிலிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, சில மாதங்களின் பின் திரும்பி வந்தது.

காட்டுக்குப் போன தெய்வங்கள் திரும்பி வந்துவிட்டன. கோணநாதருக்குத் தம்பலகாமத்திலும் திருகோணமலையிலும் பூசை நடக்கிறது; மடுவிலே ஆவணித் திருவிழாவுக்குச் சைவரும் போகின்றனர். தூக்கிச் சுமந்தவர்களின் கதைதான் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. எந்த மதத்தார் ஆண்டாலும், ஏழைக் குடியானவன் ஒருவனும் அவன் பெண்சாதியும் தம் கலியாணத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி யாரிடமும் தெய்வத்தை அடகு வைக்கத் தேவையில்லாத ஒரு சட்டம் வேண்டும். 1806இல் ஓர் அந்நியத் தேசாதிபதியின் மூன்றே விதிகள் அதைப் பாதியளவு செய்தன. மீதிப் பாதி நம்முடைய பொறுப்பு.